ஆறு பாட்டுக்கு அப்புறம் என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



திண்டுக்கல்லில் பிரியாணி வாசனை வர ஆரம்பித்த பிறகு மைக் பிடிப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று எனக்குத் தெரியும். செயலாளர் அவர்கள் என்னை "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி" என்று பேசச் சொன்னார். "சார், எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒண்ணு ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம், இன்னொண்ணு கிடார். ரெண்டுல ஒண்ணைப் பேசறேன்" என்றேன். ரிங் ஃபிரேம் வேண்டாம், கிடாரே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ரிங் ஃபிரேம் நடுவிலே ஒரு தடவை வரும். மன்னிக்க வேண்டும்.

கிடார் என்றால் பிக் வைத்துச் சரட் சரட்டென்று இழுப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பெருவிரல் கீழ் ஸ்வரத்தைப் போட, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் மெட்டையும் நடுவில் உள்ள நிரவலையும் வாசிக்க, ஒரே ஆள் ஒரு சின்னக் குழு போல ஒலிப்பது. ஃபிங்கர்ஸ்டைல் என்கிறார்கள். அதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லித்தரப் போவதில்லை. ஆரம்பத்தைச் சொல்லித்தர இன்று ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. கையில் இருக்கும் போனிலேயே ஆயிரம் வாத்தியார்கள். என் கவலை நடுவிலே நிற்பவர்களைப் பற்றி.

நடுவிலே நிற்பவர் யார்? அவருக்குக் கார்டுகள் எல்லாம் தெரியும். பெருவிரல் ஓரளவு தன்பாட்டுக்கு ஓடும். ஐந்தாறு பாட்டு வாசிப்பார். "பயணங்கள் முடிவதில்லை" படம் வந்தது 1982ல். அதில் வரும் "இளைய நிலா" பாட்டின் கிடார் ஆரம்பத்தை வாசிப்பார், பாதி வரை. அப்புறம் ஒரு இடத்தில் விரல் தடுக்கும். சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டு, "மச்சான், அடுத்தது இதைக் கேளேன்" என்று வேறு பாட்டுக்குத் தாவிவிடுவார். அதுவும் பாதி வரைக்கும்தான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷம் நானே அவராக இருந்தேன்.

2006ல் நான் இங்கே முதலாண்டு சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு முதல் மின்வெட்டு. விடுதியில் கரண்ட் போனால் மெழுகுவத்தியும் என் கிடாரும்தான் பொழுதுபோக்கு. இருட்டில் வாசித்தால் தப்பு யாருக்கும் தெரியாது என்ற ஒரு வசதியும் உண்டு! தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்த ஒரு அண்ணன் எனக்கு முதல் நாலு கார்டு சொல்லிக்கொடுத்தார். மிச்சம் நானே கற்றது. 2010ல் வெளியே போகும்போது எனக்கு ஆறு பாட்டு தெரியும். 2017ல் கல்யாண வீட்டில் ஒரு மச்சினன் கிடாரைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னபோதும் அதே ஆறு பாட்டு. அதே இடத்தில் தடுக்கல்.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் என் வருத்தம் பெரிதல்ல. இன்னொருவன் இருக்கிறான்.

நான் கடைசி ஆண்டு படிக்கும்போது ஒரு முதலாண்டுப் பையன் என் அறைக்கு வருவான். வத்தலக்குண்டுப் பக்கத்துப் பையன். காது என்றால் அப்படியொரு காது. பஸ்ஸில் கேட்ட பாட்டை இறங்கும்போது கம்பியில் கண்டுபிடித்துவிடுவான். என்னைவிட நாலு மாதத்தில் முன்னேறிவிட்டான், நேர்மையாகச் சொல்கிறேன். பிறகு அவனும் அந்த நடு இடத்தில் வந்து நின்றான். "அண்ணே, இதுக்கு மேல கை போக மாட்டேங்குது" என்று என்னிடம் வந்து கேட்டான். சீனியர் இல்லையா நான்? பெரிய ஞானி மாதிரி ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன்: "இன்னும் பிராக்டிஸ் பண்ணுடா."

அவன் பண்ணினான். கல்லூரி நாள் விழாவுக்கு முன்னால் தினமும் மூன்று மணி நேரம். அதே தப்பை மூன்று மணி நேரம். இரண்டாவது வாரம் மணிக்கட்டில் வலி. அதோடும் வாசித்தான். மேடையேறவில்லை. மருத்துவர் சில மாதம் ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு கை சரியாகிவிட்டது, ஆனால் அவன் கிடாரைத் தொடவில்லை. "எனக்கு அவ்வளவுதாண்ணே வரும்" என்று முடித்துவிட்டான்.

நான் அவனுக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தப்பு என்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

இப்போது ரிங் ஃபிரேம். மில்லில் ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில் சுற்றும். எங்காவது நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். பக்கம் பார்க்கும் பெண்கள் வந்து இழையைச் சேர்த்துவிட்டுப் போவார்கள். அது அன்றாட வேலை. ஆனால் ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தால், இழை சேர்த்துக்கொண்டே இருப்பது வேலையில்லை, முட்டாள்தனம். அந்த ஸ்பிண்டிலைப் பார்க்க வேண்டும். டிராவலர் தேய்ந்திருக்கலாம், ரிங் நடுவில் இல்லாமல் இருக்கலாம். ஒரு ஸ்பிண்டிலுக்காக மற்ற ஆயிரத்தையும் யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள்.

2017ல் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, வேடசந்தூர் ரோட்டில், வண்டியில் வரும்போதுதான் உறைத்தது. அடப்பாவி, பகலெல்லாம் இதைச் செய்கிற நான் ராத்திரி கிடாரை எடுத்தால் என்ன செய்கிறேன்? பாட்டை முதலிலிருந்து வாசிக்கிறேன். தடுக்கிற இடத்தில் தடுக்கிறேன். மறுபடி முதலிலிருந்து. நன்றாக வருகிற பகுதியை நாற்பது தடவை, வராத இடத்தை நாற்பது தடவை தப்பாக! பதினோரு வருஷமாக என் விரல்களுக்கு நான் தடுக்கலைத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

அன்று ராத்திரியே போனில் என் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டேன். யாராவது பதிவு செய்து கேட்டிருக்கிறீர்களா? கேட்க மனசு வராது. நம் குரலை நாமே கேட்பது மாதிரிதான். ஆனால் வேறு வழியில்லை. காகிதத்தில் குறித்தேன். ஐந்து நிமிஷப் பாட்டில் உண்மையான தடுக்கல் மூன்றே இடம். ஒவ்வொன்றும் இரண்டு தட்டு நேரம்கூட இல்லை. ஆக நான் சரி செய்ய வேண்டியது மொத்தம் ஐந்தாறு வினாடி இசை. அதைச் செய்யாமல் பதினோரு வருஷம்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். தடுக்குகிற இடத்தில் காரணம் இருப்பதில்லை. அதற்கு ஒரு தட்டு முன்னால் இருக்கிறது. ஸி கார்டிலிருந்து எஃப் கார்டுக்குப் போகும்போது சத்தம் மங்கினால், எஃப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறோம். எஃப் தனியாகப் பிடித்தால் நன்றாகத்தான் இருக்கும். விஷயம் என்னவென்றால், ஸியில் கடைசி ஸ்வரம் ஒலிக்கும்போதே எந்த விரல் விடுபட்டு இருக்கிறதோ அது கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. எல்லா விரலும் ஒரே நேரத்தில் பஸ் ஏற ஓடுகின்றன. ஒரு விரலை முதலில் அனுப்புங்கள். எந்த விரல் முதலில் போகிறது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அந்த இரண்டு கார்டை மட்டும், தப்பே வர முடியாத அளவு மெதுவாக, எறும்பு போல. சரியாக வந்த பிறகு அதற்கு முந்தின ஒரு தட்டைச் சேருங்கள், பிந்தின ஒன்றைச் சேருங்கள். இப்படி வெளிப்பக்கமாக வளருங்கள்.

"இவ்வளவு மெதுவா வாசிச்சா பாட்டு மாதிரியே இல்லையே சார்" என்று போன மாதம் இங்கே ஒரு மாணவி கேட்டார். இருக்காது. நம் ஊரில் சங்கீதம் கற்றவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடாமல் யாரையாவது மூன்றாம் காலம் பாட விட்டிருக்கிறார்களா? மிருதங்க வாத்தியார் தத்தித்தொம்நம் என்று மாதக்கணக்கில் ஒரே பாடத்தைத் தட்ட வைப்பார். நாம் கிடாரை வெளிநாட்டு வாத்தியம் என்று எடுத்துக்கொண்டோம், அதோடு நம் பழைய பயிற்சி முறையையும் தூக்கி எறிந்துவிட்டோம். வெள்ளைக்காரன் அப்படிச் செய்யவில்லை. மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியக் கிடார் மேதை 1812ல் வியன்னாவில் ஒரு பயிற்சிப் புத்தகம் வெளியிட்டார். அதில் வலது கைக்கு மட்டும் 120 பயிற்சி. அத்தனைக்கும் இடது கையில் இரண்டே கார்டு, ஸியும் ஜி செவனும். ஏன் இரண்டே கார்டு? இடது கையை வேலையில்லாமல் உட்கார வைத்துவிட்டு வலது கையை மட்டும் சோதிக்கிறார். ஆய்வகத்தில் மற்றதை எல்லாம் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்வார்களே நம் பேராசிரியர்கள், அதே வேலை. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் உலகமெல்லாம் இன்றும் அதை வாசிக்கிறார்கள். தினம் இரண்டு போதும். பத்து நிமிஷம்.

பெருவிரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவில் நிற்பவர்களில் பாதிப் பேர் நிற்பது அங்கேதான். மெட்டு தாளத்தின் மேலேயே விழும்வரை பெருவிரல் ஒழுங்காக இருக்கும். மெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்ததும் பெருவிரலும் பின்னாலேயே ஓடிவிடும். இதற்கு நான் கண்ட மருந்து வாய். கொன்னக்கோல்! தகதிமி என்று சொல்லுங்கள். "த"விலும் "தி"யிலும் பெருவிரல், ஐந்தாம் கம்பியிலும் நாலாம் கம்பியிலும் மாறி மாறி. அது நிற்காமல் ஓடட்டும். இப்போது "க"வில் மட்டும் முதல் கம்பியை ஆள்காட்டி விரல் தொடட்டும். பிறகு "மி"யில் மட்டும். பிறகு ஒரு சுற்றில் "க", அடுத்த சுற்றில் "மி". வாயால் சொல்ல வராததை விரலால் வாசிக்க வராது. வாயில் வந்துவிட்டால் விரல் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். என் அனுபவம் இது.

அமெரிக்காவில் இந்தப் பெருவிரல் பாணிக்கே மெர்ல் டிராவிஸ் என்பவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளி மகன். அவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து வாசித்தவர். செட் அட்கின்ஸ் என்ற இளைஞர் இவரை ரேடியோவில் கேட்டார். கண்ணால் பார்க்கவில்லை. இவ்வளவு சத்தம் இரண்டு விரலில் வராது என்று எண்ணி, பெருவிரலோடு மூன்று விரல் வைத்துத் தானே ஒரு பாணியை உண்டாக்கிக்கொண்டார். தப்பாகப் புரிந்துகொண்டு உலகப் புகழ் அடைந்தவர் அவர்! நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாம் போனில் பார்த்தே தப்பாக வாசிக்கிறோம்.

அடுத்து ஒரு சின்னப் பரீட்சை. ஒரு கார்டைப் பிடித்து நாலு கம்பியை நாலு விரலாலும் ஒரே நேரத்தில் இழுங்கள். நாலும் ஒலிக்கும். இப்போது அதே இழுப்பில் முதல் கம்பி மட்டும் உரக்கக் கேட்க வேண்டும், மற்றது மூன்றும் பின்னால் ஒதுங்க வேண்டும். பிறகு நடுக்கம்பி ஒன்று மட்டும் முன்னால் வர வேண்டும். முடிகிறதா? முடிந்தால் நீங்கள் என்னைக் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு முடியாது. நடுத்தர வாசிப்புக்கும் தேர்ந்த வாசிப்புக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேகத்தில் இல்லை. மெட்டு பாடகர் மாதிரி முன்னால் நிற்கிறதா, கீழ் ஸ்வரம் மிருதங்கக்காரர் மாதிரி பக்கத்தில் இருக்கிறதா, நிரவல் தம்புரா மாதிரி பின்னால் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு தாரெகா எழுதிய "அல்ஹம்ப்ரா நினைவுகள்" என்ற உருப்படியைக் கேட்டிருப்பீர்கள். ஒரே ஸ்வரத்தை மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று மாறி மாறித் தொட்டு, மழைத்தூறல் மாதிரி இழுத்துக்கொண்டு போவார்கள். எல்லோரும் வேகம் வேகம் என்று ஓடுவார்கள். அதில் வேகத்தைவிட முக்கியம் மூன்று விரலும் ஒரே அளவு பேசுவது. மோதிர விரல் இளைத்தவன், நடுவிரல் முரடன். மெதுவாக வாசிக்கும்போது சமமாக இல்லாதது வேகத்தில் சமமாகிவிடாது.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படும் இடம். வாத்தியம்.

கிடாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யாராவது அளந்ததுண்டா? ஆய்வகத்தில் இருக்கிற சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதும். இரும்புக் கம்பிக் கிடாரில் தடித்த ஆறாம் கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவில் இருந்தால் விரல் சுகமாக அழுத்தும். நைலான் கம்பி என்றால் நாலும் மூன்றும் இருக்கலாம். விலை குறைந்த கிடார்கள் பல கடையிலிருந்து வரும்போதே உயரமாக வரும். யாரும் சரிசெய்து கொடுப்பதில்லை. வாங்குபவனுக்கும் தெரியாது. கை வலிக்கிறது, சரி, கிடார் என்றால் வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

நான் விடுதியில் வாசித்த கிடாரைப் பின்னாளில் ஒரு நாள் நினைவிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் என் சுண்டுவிரல் நுனி கம்பிக்கு அடியில் நுழையும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்காது. அதில் எஃப் கார்டு பிடிப்பது கிணற்றில் ராட்டினம் இல்லாமல் தண்ணீர் இறைப்பது மாதிரி. கடைசி ஆண்டில் புதுக் கிடார் வாங்கினேன். பழையதை விற்றேன்.

யாருக்கு விற்றேன் என்று ஊகித்திருப்பீர்கள். ஆயிரத்து இருநூறு ரூபாய். அந்தக் கிடாரில்தான் அவன் தினமும் மூன்று மணி நேரம் வாசித்தான். கையில் குறை, திறமையில் குறை என்று அவன் முடிவு கட்டினானே, அது அந்தக் கிடாரில் இருந்த குறை. நான் கொடுத்த கிடார்.

அதனால் மாணவர்களே, பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால், உள்ளே கம்பி முறுக்கும் வசதி இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்துச் சரி செய்யுங்கள். கழுத்து நேராக இருந்தும் உயரம் அதிகம் என்றால், பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு, சேடில் என்பார்கள், அதைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புக் காகிதத்தில் தேய்க்க வேண்டும். கணக்கு எளிது. பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. ஆகவே அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும் என்றால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்க்காதீர்கள். கொஞ்சம் தேய்த்து, கம்பி மாட்டி, அளந்து, மறுபடி. நான் உற்சாகத்தில் ஒரே மூச்சில் தேய்த்து, கம்பியெல்லாம் ஃப்ரெட்டில் உரசி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. கடைசியில் ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்டின் விசிட்டிங் கார்டை வெட்டி அடியில் வைத்துச் சமாளித்தேன். இன்றும் அந்தக் கார்டு அங்கேதான் இருக்கிறது!

இன்னொன்று, சித்திரை வெயிலில் கிடாரைக் காருக்குள் வைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போகாதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் கிளம்பிவிடும். நகத்தை மிக மெல்லிய உப்புக் காகிதத்தில் வழவழப்பாக வையுங்கள். எங்களைப் போல மில்லில் ஸ்பானர் பிடிக்கிறவர்களுக்கு நகம் நிற்காது. விரல் சதையாலேயே வாசிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். வலியோடு வாசிப்பது வீரம் இல்லை. இதை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

நேரம் எவ்வளவு? எனக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் கிடைப்பதில்லை. அதில் பத்து நிமிஷம் வலது கைப் பயிற்சி. இருபது நிமிஷம் தடுக்கல் இடங்கள். ஒரே இடத்தை இருபது நிமிஷம் குடைவதில்லை. மூன்று இடத்தை மாற்றி மாற்றி நாலைந்து நிமிஷம். ஷியா, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979ல் ஒரு சோதனை செய்தார்கள். கை அசைவுகளை ஒன்றை முடித்து ஒன்றாகப் பழகியவர்கள் பழகும்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து கலந்து பழகியவர்கள் பழகும்போது திணறினார்கள், ஆனால் சில நாள் கழித்து வைத்த சோதனையில் அவர்களே முன்னால் நின்றார்கள். ஆகவே இன்று திணறினால் பயப்பட வேண்டாம். கடைசிப் பத்து நிமிஷம் பாட்டை முழுவதும் வாசிப்பேன், தப்பு வந்தாலும் நிற்காமல். நிற்காமல் போவதும் தனியாகப் பழக வேண்டிய ஒரு கலை. வீட்டில் யாராவது கேட்டால் இன்னும் நல்லது. என் மகள் கேட்பாள். ஐந்து வயசு. முடிந்ததும் "அப்பா, இன்னைக்கு மூணு தப்பு" என்பாள்.

மூத்தவர்கள் சிலர், "எங்களுக்கு வயசாச்சுப்பா, இனிமேல் என்ன கத்துக்கிறது" என்று சொல்வீர்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். திண்டுக்கல்லும் அதுவும் அன்று ஒரே மதுரை மாவட்டம்தான், 1985 வரைக்கும். இளையராஜா சின்ன வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக மேடை ஏறியவர். 1968ல் சென்னைக்குப் போகும்போது அவருக்கு மேடை அனுபவம் ஏறத்தாழ பத்து வருஷம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று இருந்திருக்கலாம். தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். மேற்கத்திய சங்கீதத்தை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். அதற்கெல்லாம் பிறகுதான் 1976ல் "அன்னக்கிளி". காதும் மேடையும் கொடுத்ததற்கு மேலே போக அவர் எழுத்தைக் கற்றுக்கொண்டார் பாருங்கள். நம்மில் பலர் எண் போட்ட டேப் காகிதத்தோடு நின்றுவிடுகிறோம். டேப்பில் எந்த ஃப்ரெட் என்று இருக்கும், எந்தக் குரல் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்காது. மெட்டும் கீழ் ஸ்வரமும் தனித்தனியாக மூச்சு விடுவதை ஸ்டாஃப் நொட்டேஷனில்தான் நான் முதல் முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

பொறியியல் படித்துவிட்டுக் கிடாரா என்று வீட்டில் திட்டு வாங்குபவர்களுக்காக ஒரு வார்த்தை. கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் உலகமெல்லாம் வாசிக்கும் பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். பிறகு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனார். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

சொந்தமாக ஒரு பாட்டை அமைத்துப் பார்ப்பது பற்றி நிறையச் சொல்லலாம், பிரியாணி காத்திருக்கிறது. ஒரே ஒரு வழி. கம்பிகளைத் தடித்ததிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று மாற்றிச் சுருதி சேருங்கள். டி உங்கள் ஸட்ஜம் என்றால் திறந்த கம்பிகள் ச ப ச ம ப ச என்று பேசும். தம்புராவே கையில் இருக்கிற மாதிரி. மத்யமாவதியில் ஒரு மெட்டை மேல் கம்பிகளில் மட்டும் தேடுங்கள். பெருவிரல் சும்மா ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அன்றைக்கே உங்களுக்கென்று ஒரு ஏழாவது பாட்டு கிடைத்துவிடும்.

எனக்கு இப்போது எத்தனை பாட்டு தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்பது. பழைய ஆறில் இரண்டைக் கைவிட்டுவிட்டேன். நாலு பாட்டு முழுசாக, தடுக்காமல் வருகிறது. ஐந்து புதிது. எட்டு வருஷத்துக்கு மேலாக உழைத்ததற்கு இது பெரிய கணக்கு இல்லை. ஆனால் அல்ஹம்ப்ராவின் முதல் பக்கம் வந்துவிட்டது. மெதுவாக. என் மகள் அதற்குத் தப்பு எண்ணுவதில்லை, தூங்கிவிடுகிறாள்.

போன மாதம் இந்த உரைக்குத் தயார் செய்யும்போது அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். இந்த விழாவுக்கு வரச் சொன்னேன். வேலை இருக்கிறது என்றான், வரவில்லை. ஐந்து மில்லிமீட்டர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதை அப்பவே அளந்திருக்கலாமேண்ணே" என்றான். அளந்திருக்கலாம். கிடார் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வத்தலக்குண்டில் அக்கா வீட்டில், பீரோ மேலே, கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறதாம். எடுத்து வைக்கச் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையில் காமராஜர் பேருந்து நிலையத்தில் வத்தலக்குண்டு பஸ் ஏறுகிறேன். ஒரு செட் புதுக் கம்பி வாங்கிவிட்டேன். மெல்லிய கம்பிதான், விரலுக்கு இதமாக இருக்கும். உப்புக் காகிதமும் ஸ்டீல் ஸ்கேலும் பையில் இருக்கின்றன. இன்று வந்திருக்கும் மாணவர்கள் யாராவது தங்கள் கிடாரை அளந்து பார்க்க விரும்பினால், சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரவியல் துறை வராந்தாவுக்குக் கொண்டு வாருங்கள். நாலு மணி வரை அங்கேதான் இருப்பேன்.